கோச்சின் கையெழுத்து

வாஷிங்டன்,
போரின் நாற்பத்தொன்றாம் நாள்.

அன்புள்ள தம்பி ரெய்னோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது; கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். சாப்பிட்டாயா?

உங்கள் கப்பலில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள் என்று அம்மாவுக்குத் தகவல் வந்தது. அதனால் காகிதம். இருபது நாள் ஆகுமாம். நீ படிக்கும்போது இதில் இருப்பதெல்லாம் ஆறியிருக்கும்.

எனக்கு இது பழக்கமான வேலைதான். நாள் முழுவதும் கடிதம் எழுதுகிறேன். ஒன்றுகூட என் பெயரில் போவதில்லை. எல்லாம் நம் தொகுதியின் பிரதிநிதி வெண்டல் பகெட் பெயரில். பதினான்கு வருடமாகச் சபையில் உட்கார்ந்திருக்கிறார், இருந்தும் ஊரில் அவரை யாரும் பிரதிநிதி என்று சொல்வதில்லை. உனக்கும் எனக்கும் பள்ளியில் ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர். கோச். இங்கேயும் எல்லோருக்கும் கோச்தான்.

போர் தொடங்கியதிலிருந்து அவருக்கு நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்கள். சபைக்கு வரும் தபாலை எங்கோ கொண்டுபோய்க் கிருமி சாகும்படி வாட்டி எடுத்துத்தான் எங்களுக்குத் தருகிறார்கள். காகிதம் மஞ்சளாகிவிடுகிறது. பிரித்தால் ஓரம் நொறுங்குகிறது. நேற்று எழுதியதுகூட ஐம்பது வருடப் பழசு மாதிரி இருக்கிறது.

கேள்வி ஒன்றுதான். அறுபது நாள் வரை ஜனாதிபதி சபையைக் கேட்காமல் சண்டை போடலாம். அதற்குமேல் சபை அனுமதிக்க வேண்டும், இல்லையென்றால் படை திரும்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. கோச்சின் கட்சியும் ஜனாதிபதியின் கட்சியும் ஒன்று. தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்கும்படி கட்சி அவரிடம் சொல்கிறது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு ஓட்டுதான். கோச் முடிவு செய்யவில்லை. யார் வந்து என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார்.

ஆகவே நான் மூன்று வகைப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். தீர்மானத்தை ஆதரிப்பேன் என்று ஒன்று. எதிர்ப்பேன் என்று ஒன்று. மூன்றாவது, உங்கள் கருத்தைக் கவனமாக மனதில் கொள்கிறேன் என்பது. இப்போதைக்கு மூன்றாவதுதான் போகும். அதில் நான் கெட்டிக்காரி. ஒரு பக்கம் முழுக்க எழுதி ஒன்றுமே சொல்லாமல் முடிப்பேன். எங்கள் அலுவலகத்தை நடத்துகிற டெனீஸ் அதைப் படித்துவிட்டு, “சூப்பர், கைசா. படிச்சு முடிச்சதும் என்ன படிச்சோம்னே ஞாபகம் இல்ல,” என்றாள். பாராட்டுத்தான்.

நீ அங்கே இருப்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் போர்க் கடிதங்களை என்னிடமிருந்து வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கொடுக்க மனமில்லை.

அம்மா நலம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எதையாவது நிமிர்ந்து பார்க்கத் தோன்றினால் குனிந்துகொள்.

அன்புடன்,
அக்கா கைசா


நாற்பத்தேழாம் நாள்.

ரெய்னோ,

நலம் விசாரிக்க இன்று நேரமில்லை. நீ நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

நான்கு நாளைக்கு முன் மூன்றாவது வகைக் கடிதத்தை மொத்தமாக அனுப்ப உத்தரவு கொடுத்தேன். கணினியில் கடிதத்தின் முதல் பத்தி மட்டும் தெரியும். அதைப் பார்த்துச் சரி என்று அழுத்த வேண்டும். பார்த்தேன். ‘எழுதியதற்கு நன்றி. போர் குறித்த உங்கள் அக்கறை என்னுடையதும்கூட.’ சரி. அழுத்தினேன்.

மூன்று வகைக்கும் முதல் பத்தி அதுதான். நானே அப்படி எழுதி வைத்தேன். ஆமாம் என்பவர்க்கும் இல்லை என்பவர்க்கும் எதுவும் சொல்லாதவர்க்கும் ஒரே தொடக்கம். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

போனது முதல் வகை. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு. ‘சபையின் அனுமதியின்றி இந்தப் போர் ஒரு நாள்கூட நீளக் கூடாது. தீர்மானத்தை ஆதரித்து வாக்களிப்பேன். தவறினால் என்னைக் கேளுங்கள்.’ கீழே கோச்சின் கையெழுத்து. அதை இயந்திரம் போடும். நீல மையில், சற்றுச் சாய்வாக. பிரதிநிதிகளின் தபாலுக்குத் தபால்தலை வேண்டாம்; உறையின் மூலையில் அதற்குப் பதில் இன்னொரு கையெழுத்து. ஆக, மனிதர் இரண்டு முறை சத்தியம் செய்திருக்கிறார். அவருக்குத்தான் தெரியாது.

இன்று காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி தொடங்கியது. முதலில் நன்றி சொல்ல ஊர்த் தேவாலயத்தின் பாட்டுக் குழு. பிறகு ஊர்ப் பத்திரிகை. பிறகு கட்சிக் கொறடாவின் அலுவலகம். டெனீஸ் என் மேசைக்கு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

“வேணும்னே பண்ணியா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

“சத்தியமா?”

சத்தியமாக என்றேன். ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன். வாங்கி இழுப்பறையில் போட்டாள். “ஓட்டு முடியட்டும்மா. அப்புறம் உன்னை நிதானமா உக்கார வெச்சுத் திட்டறேன். இப்ப நேரமே இல்ல,” என்றாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நாளெல்லாம் எனக்குள் தேடிப் பார்த்துவிட்டேன். விரல் தவறியது; அவ்வளவுதான். நூற்றில் தொண்ணூற்றேழு நிச்சயம். மீதி மூன்றைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அந்த முதல் வகையை எழுதிய மதியம் வெயில் நன்றாக இருந்தது. ஒரு வரிகூட அடிக்காமல் எழுதி முடித்தேன்.

கோச் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது. கடிதத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். “நல்லாதான் எழுதியிருக்கேன்,” என்றார். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார். ஹாக்கி மைதானத்தின் மாடியில் மீன் வறுவல் விருந்தில் எழுந்து நின்று, அலுவலகத்தில் நடந்த தவறு, நான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று சொல்லப் போகிறார். அந்த நாலு வரியையும் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது.

கைசா


ஐம்பத்திரண்டாம் நாள்.

அன்புள்ள ரெய்னோ,

சாப்பிட்டுவிட்டுப் படி. சிரித்தால் புரையேறும்.

வெள்ளிக்கிழமை நான் ஊரில் இல்லை. அம்மா இருந்தாள். விருந்துக்குச் சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அடியே, உங்க கோச் வந்தாரு. ரெண்டு தட்டு மீன் சாப்பிட்டாரு. அப்புறம் சட்டைப் பையிலேருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கிட்டு மைக்கு முன்னாடி போனாரு. வாயைத் திறக்கலடி, அதுக்குள்ள நம்ம ஆர்விட் எழுந்துட்டாரு.”

ஆர்விட் சிலன்பாவை உனக்குத் தெரியும். இரும்புத்தாது ஏற்றும் ரயிலை ஓட்டி ஓய்வுபெற்றவர். சாலைக் குழி முதல் ஏரியின் மீன் அளவு வரை கோச்சுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அவருக்கு மட்டும் நான் முப்பது பதில் எழுதியிருப்பேன்.

“கோச், பதினாலு வருஷமா உங்களுக்கு எழுதறேன்,” என்றாராம். “நீங்க அனுப்பின பதிலையெல்லாம் ஒரு பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுலயாவது ஏதாவது சொல்லியிருக்கீங்களா? எல்லாம் வெறும் தோலு. உள்ள பழமே இருக்காது. இந்த ஒண்ணுலதான் பழம் இருக்கு. யாரு எழுதினாங்கன்னு தெரியல. ஆனா கை குலுக்கணும்.”

வந்து குலுக்கிவிட்டாராம். பாதிப் பேர் கைதட்டினார்கள். அம்மாவின் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

கோச் துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து யாரோ, “அவரு எங்க எழுதினாரு? கையெழுத்தே மெஷின் போடுது! நம்ம கோச்சுக்கு முழுசா பேரு எழுத வருமான்னே சந்தேகம்!” என்று கத்தினார்கள். சிரிப்பு.

அம்மா சொல்கிறாள், கோச்சின் காது சிவந்துவிட்டதாம். மாவட்ட இறுதி ஆட்டத்தில் நடுவர் கோலை ரத்து செய்தபோது சிவந்ததே, அதே சிவப்பு.

“மெஷினா? யாருய்யா சொன்னது மெஷின்னு? ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. கையெழுத்தும் நான் போட்டது. நாலாயிரமும். கை வீங்கிப் போச்சு!” என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாராம்.

பொய். முழுப் பொய். நான் எழுதிக் கொடுத்த நாலு வரி சட்டைப் பைக்குள் திரும்பிப் போய்விட்டது.

எல்லாம் சிரிப்பில்லை. கோர்ட்னி மஸூர் எழுந்தாள்; அவள் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை விமானப் படையில் அங்கேதான் இருக்கிறான். “அவன் அங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறான். நீங்க இங்க அவன் முதுகுல குத்தறீங்க. போன தேர்தல்ல உங்களுக்காக வீடு வீடா ஏறினேன். என் கால் வலிச்சதுதான் மிச்சம்,” என்றாள். உன் மாப்பிள்ளை பத்திரமாக வரட்டும் என்று மட்டும் கோச் சொன்னார். அம்மா தன் இடத்திலிருந்து எழுந்து போய்க் கோர்ட்னியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைசிவரை அங்கேயே இருந்தாளாம். ரெய்னோவைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன்.

“சொன்னேன். அவளும் அழுதா, நானும் அழுதேன். அப்புறம் மீன் ஆறிப்போச்சேன்னு சாப்பிட்டோம். அவ இன்னும் கோச்சுக்கு எதிராத்தான் இருக்கா. இருக்கட்டுமே,” என்றாள்.

கோச் திங்கள்கிழமை வந்தார். வலது கையில் கட்டு போட்டிருக்கிறார். டெனீஸ் கேட்டதற்கு, ஊரில் பார்த்தவர்கள் விமான நிலையத்திலும் பார்த்தால் என்ன செய்வது என்றாராம். இப்போது கடிதத்திலிருந்து வரிகளை மனப்பாடமாக எங்களிடமே சொல்லிக் காட்டுகிறார். ‘தவறினால் என்னைக் கேளுங்கள்’ என்ற வரி ஏரிக்கரையில் நடக்கும்போது தோன்றியது என்கிறார்.

ஆனால் ஓட்டு என்னவென்று இன்னும் சொல்லவில்லை. ஊரில் பேசியது வேறு, சபையின் ஓட்டுப் பலகையில் விளக்கு எரிவது வேறு. டெனீஸ் அப்படித்தான் சொல்கிறாள். கொறடா அலுவலகத்திலிருந்து ஒரு யோசனை வந்திருக்கிறது. அன்றைக்குக் கோச்சுக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். ஆதரித்ததாகவும் இராது, எதிர்த்ததாகவும் இராது. தொண்டைக்கட்டு என்று குறிப்புக்கூடத் தயார்.

எனக்கு இரவில் தூக்கம் வருகிறது. ஆச்சரியம்தான்.

அன்புடன்,
கைசா


ஐம்பத்தெட்டாம் நாள்.

அன்புள்ள ரெய்னோ,

இதை நிதானமாக எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. முதலில் அது.

முந்தாநாள் டெனீஸ் அந்த நாலாயிரம் பெயர்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், பத்திரிகைக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ண. என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மேசையில் ஒரு மஞ்சள் காகிதம். ஓரம் நொறுங்கியது. உன் கையெழுத்து.

“கப்பல் முகவரி. குடும்பப் பேரு ஹெய்க்கினன், உன் பேருதான். சொந்த ஊரு உன் ஊரு. வீட்டு எண்ணும் உன் வீட்டு எண். இது யாரு கைசா?”

தம்பி என்றேன்.

“இப்ப நான் உன்னை நம்பறதா வேணாமா?” என்றாள். எனக்கே தெரியவில்லை என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

எனக்கு எழுதாமல் கோச்சுக்கு எழுதியிருக்கிறாய். அக்கா அங்கே வேலை செய்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. முன்மேசையில் பிரித்தவர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்: ‘பொருள்: போர். கருத்து: தெளிவில்லை.’ உனக்கும் ஒரு பதில் போயிருக்கிறது. நான் எழுதியது, தவறி அனுப்பியது.

நீ எழுதியதை உனக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனால் அந்த இடத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். ‘இங்கே ஒரு வால்வை மூட வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஐயா. மூடியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்று வால்வில் தொங்கும் சீட்டில் இருக்கும். இந்தப் போர் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. எங்களை இங்கே வைத்திருக்க யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டும் என்றால் வேண்டும் என்று போடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். வெறும் சீட்டைத் தொங்கவிடாதீர்கள்.’

உனக்கு இப்படியெல்லாம் எழுத வரும் என்று எனக்குத் தெரியாது.

டெனீஸ் அதைக் கோச்சிடம் கொண்டுபோனாள். நானும் நின்றேன். தொண்டைக்கட்டுக் குறிப்பு அவர் மேசையிலேயே இருந்தது. படித்தார். மறுபடி படித்தார்.

“ரெய்னோ ஹெய்க்கினனா? அந்த இடதுகைப் பையன்தானே? கோல்கீப்பர்?”

ஆமாம் என்றேன்.

“ஒரே ஆட்டத்துல ஏழு கோல் விட்டான்.”

ஆமாம் என்றேன்.

“ஏழுக்கும் வந்து என்கிட்ட, என் தப்பு கோச்னு சொன்னான். ரெண்டு கோல் தடுப்பாளரோட தப்பு. அதையும் சேத்துச் சொன்னான். முட்டாப்பய,” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

நேற்று ஓட்டு.

பார்வையாளர் மாடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சபையின் சுவரில் எல்லாப் பெயரும் ஒளிரும். பெயருக்கு நேரே பச்சை, ஆதரவு. சிவப்பு, எதிர்ப்பு. பதினைந்து நிமிடம். ஒவ்வொருவரும் தங்கள் அட்டையைப் பெட்டியில் செருகுகிறார்கள். பத்தாவது நிமிடம்வரை பகெட் என்ற பெயருக்கு நேரே இருட்டு. கோச்சையே காணோம். எனக்குத் தொண்டைக்கட்டு வந்துவிடும் போலிருந்தது.

பன்னிரண்டாவது நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கட்சிக் கொறடா பின்னாலேயே. அவர் கோச்சின் தோளில் கை போட்டு ஏதோ சொல்ல, கோச் வழக்கம்போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும், ரெய்னோ. அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

பெட்டிக்கு முன்னால் நின்று பையைத் தடவினார். மறுபையைத் தடவினார். கோட்டின் உள்ளே தடவினார். அட்டை இல்லை. வேறு கோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெனீஸ், “கடவுளே, இந்த ஆளை...” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

அட்டை இல்லாதவர்களுக்கு நடுவில் ஒரு மேசை இருக்கிறது. அதில் நிறம் நிறமாகக் காகிதச் சீட்டுகள். பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டு எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். கோச் அங்கே போனார். கைக்கட்டை அவிழ்த்துப் பையில் போட்டார். சீட்டுகளின் முன்னால் நின்றார். எனக்கு அது வெகுநேரமாகத் தெரிந்தது. டெனீஸ் நாலு வினாடி என்கிறாள்.

பச்சை எடுத்தார். குனிந்து எழுதினார்.

எழுத்தர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோச்சிடமே என்னவோ கேட்டார். அப்புறம்தான் தெரிந்தது. பதினான்கு வருடமாக அவர் பார்த்ததெல்லாம் இயந்திரம் போட்ட அழகான கையெழுத்து. கோச்சின் சொந்தக் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். யார் இது என்று கேட்டிருக்கிறார். “நான்தான்யா!” என்ற குரல் மாடம்வரை கேட்டது.

இருநூற்றுப் பதினாறுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

இனி மேலவை. அடுத்த செவ்வாய். அங்கேயும் நிறைவேறினால் ஜனாதிபதி மறுப்பார் என்று சொல்லிவிட்டார். மறுத்தால் மறுபடி எங்களிடம் வரும். அப்போது மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவ்வளவு பேர் இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டேன். உன்னை ஏமாற்ற விரும்பவில்லை.

ஆனால் நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. இத்துடன் பட்டியல் வைத்திருக்கிறேன். நானூற்று இருபத்தெட்டுப் பெயர்கள். உன்னைத் திரும்ப அழைக்கச் சொன்னவர்கள், அங்கேயே வைக்கச் சொன்னவர்கள், எல்லோரும் தத்தம் பெயருக்கு நேரே. வராமலே இருந்துவிட்ட ஏழு பேரும் கடைசியில் இருக்கிறார்கள். உங்கள் இயந்திர அறையில் இடமிருந்தால் ஒட்டி வை.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோர்ட்னி இனிக் கோச்சோடு பேச மாட்டாளாம், அம்மாவோடு பேசுகிறாள். ஆர்விட் அதற்குள் அடுத்த கடிதம் எழுதிவிட்டார், சாலைக் குழி பற்றி. டெனீஸ் இழுப்பறையைத் திறந்து என் ராஜினாமாவைத் தேடினாள். திட்டுவதற்கு நாள் குறித்திருக்கிறாள். வியாழன், மூன்று மணி. அதற்குப் பிறகும் வேலை இருக்கும் போலத்தான் தெரிகிறது.

இன்று காலை கோச் என் மேசைக்கு வந்தார். “ஏம்மா, உன் தம்பிக்கு எழுதுவியா? எழுதினா ஒண்ணு கேளு. நாளைக்கு இது மறுத்துத் திரும்பி வந்தா நான் என்ன பண்ணணும்? இந்தத் தடவை ஆமா இல்லன்னு ஒழுங்கா எழுதச் சொல்லு. கருத்து தெளிவில்லைன்னு போட்டிருக்காங்க பாரு, அசிங்கம்,” என்றார்.

கேட்டுவிட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் நீ சொன்னபடியே கணினியில் ஏற்றுவேன், ஓர் எழுத்து மாற்றாமல்.

உன் பதில் இங்கே வந்து சேர இருபது நாள் ஆகும். அதைவிட வேகமாக வர உனக்கு ஒரு வழி கிடைத்தால், தபாலில் போடாதே. கையில் கொண்டு வா.

உன் அக்கா,
கைசா